தைத்த நரம்பு ஏன் இன்னும் எரிகிறது?

திருப்பூர் மாவட்டத்திலிருந்து 36 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வலது கையில் பேனா பிடிக்க முடியாததால் இடது கையால் எழுதியிருக்கிறார். எழுத்து கோணலாக இருந்தாலும் ஒரு விவரமும் விட்டுப்போகவில்லை.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் பதினோரு வருட வேலை. ஆறு மாதத்துக்கு முன் வேலை நேரத்தில், காற்றில் அடித்துக்கொண்ட ஜன்னலைச் சாத்தப் போனபோது கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டின் உள்பக்கம் ஆழமாகக் கிழித்துவிட்டது. மறுநாள் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. "மூணு நரம்பு தைச்சிருக்கோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் இரண்டாவது மாதத்திலிருந்து கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் மிளகாய்ப்பொடி பூசியது போல எரிச்சல், நடுநடுவே கரண்ட் அடிப்பது போலச் சுரீர் என்று ஒரு இழுப்பு. புடவை முந்தானை உரசினால்கூடத் தாங்கவில்லை. ஆனால் தோசைக்கல்லில் ஆள்காட்டி விரல் பட்டபோது சூடே தெரியாமல் கொப்புளம் வந்திருக்கிறது. இரவில் ஈரத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறார்.

நான்காவது மாதம் எடுத்த நரம்புப் பரிசோதனையில் "விரல் உணர்வு பதிவாகவில்லை" என்று வந்தது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரையை மூன்று மாதமாகத் தினமும் சாப்பிடுகிறார். ஒரு மருத்துவர் எழுதிய பிரெகாபாலின் என்ற நரம்புவலி மருந்தை 75 மில்லிகிராம் அளவில் காலையும் இரவும் சாப்பிட்டு, தலைசுற்றலால் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். சொந்தக்காரர் ஒருவர் "அறுந்த நரம்பு அறுந்ததுதான்" என்கிறார். இன்னொருவர் "வலி இருந்தாத்தான் நரம்பு வளரும், மருந்து சாப்பிட்டா நின்னுடும்" என்கிறார். கணவர் "காயம் ஆறிடுச்சு, மனசுலதான் இருக்கு" என்கிறார். கம்பெனியில் நடிப்பதாகப் பேசுகிறார்கள். "இது ஆயுளுக்கும் இருக்குமா டாக்டர்? மறுபடி ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, முதலில் அந்த ஈரத் துண்டைப் பற்றிச் சொல்கிறேன். 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு நரம்பு காயப்பட்ட வீரர்களை சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் பிலடெல்ஃபியாவில் கவனித்து எழுதிவைத்தார். காயம் ஆறிய பிறகும் கை நெருப்பாக எரிகிறது என்று அவர்கள் துடித்தார்கள். எந்நேரமும் ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். காலில் அடிபட்டவர் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பக்கத்தில் காகிதம் சலசலத்தால்கூட வலித்தது. நீங்கள் மிட்செல் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அப்படியும் அதே ஈரத் துணியைத் தேடிப்போயிருக்கிறீர்கள். மனதில் கற்பனை செய்துகொண்ட வலி, வேறு தேசத்தில் வேறு நூற்றாண்டில் வாழ்ந்தவர்களின் வலியோடு இவ்வளவு ஒத்துப்போகாது. இந்தப் பத்தியை உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள்.

மூன்று நரம்பு அல்ல, ஒன்று

நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைப் படித்தேன். தைத்தது ஒரு நரம்பையும் இரண்டு தசைநாண்களையும். நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவது ரத்தக்குழாய், அதையும் நரம்பு என்கிறோம். விரலை மடக்க இழுக்கும் வெள்ளைக் கயிறு தசைநாண், அதுவும் நரம்பு. இந்தக் குழப்பத்தால் பலர் தேவையில்லாமல் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தசைநாண்கள் நன்றாக ஒட்டிவிட்டன. விரல் மடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது பேச வேண்டியது மீடியன் நரம்பு என்ற ஒன்றைப் பற்றி மட்டும். மணிக்கட்டின் நடுவே போய் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருவது அது. கட்டைவிரல் அடியில் இருக்கும் சதைக்கு உத்தரவு கொடுப்பதும் அதுதான்.

நரம்பு என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் ஓடும் ஒரு கேபிள். அறுந்ததும், வெட்டுக்கு அந்தப்பக்கம் விரல் வரை உள்ள இழைகள் சில நாட்களில் சிதைந்துபோகும். 1850-லேயே வாலர் என்ற மருத்துவர் தவளையின் நரம்பில் இதைக் கண்டுபிடித்தார். ஆனால் இழை ஓடிய உறை அப்படியே நிற்கும். பாவாடைக்கு நாடா கோர்ப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். நாடா உருவிக்கொண்டு போய்விட்டது, மடித்துத் தைத்த குழாய் இருக்கிறது. தைத்த இடத்திலிருந்து புது இழை அந்தக் குழாய்க்குள் ஊசியில்லாமல் தானாக நுழைந்து நகர வேண்டும். வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், அதாவது மாதம் ஒரு அங்குலம். முதல் சில வாரம் தையலைத் தாண்டவே போய்விடும். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை ஆறரை, ஏழு அங்குலம் இருக்கிறது. ஆறு மாதத்தில் அது விரல் அடிக்கு வந்திருந்தால் சரியான கணக்கு.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்த வரி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் மணிக்கட்டில் வளையல் பட்டால்தான் விரலுக்குக் கரண்ட் ஓடும், இப்போது குடத்தின் விளிம்பு உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில் இடித்தாலும் ஓடுகிறது என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அது வளரும் இழைகளின் முனை. புது முனைக்கு மேலுறை இன்னும் முழுதாக மூடவில்லை, அதனால் தட்டினால் சுரீர் என்கிறது. ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1915-ல் இதை விவரித்தார். இன்றும் நாங்கள் விரலால் தட்டிப் பார்ப்பது இதைத்தான். அந்த இடம் மணிக்கட்டிலிருந்து விரலடிக்கு நகர்ந்திருக்கிறது என்றால் நரம்பு நடந்துகொண்டிருக்கிறது. "அறுந்தது அறுந்ததுதான்" என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

அப்புறம் அந்தப் பரிசோதனை ரிப்போர்ட். நான்காவது மாதத்தில் இழை உள்ளங்கையில்தான் இருந்திருக்கும். விரலில் சிக்னல் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதே தாளின் கீழே, கட்டைவிரல் சதையில் சிறு சிக்னல் வந்ததாகவும் இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலும். இன்னொன்று, அந்தப் பரிசோதனை தடிமனான, வேகமான இழைகளை மட்டும்தான் அளக்கும். வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் அதில் தெரியாது. அதனால் எவ்வளவு வலி என்பதை அந்தத் தாளைக் காட்டி யாரும் தீர்ப்பு சொல்ல முடியாது.

உணர்வில்லாத விரலில் வலி எப்படி?

சூடு தெரியாத விரல் எரிகிறது என்றால் யாரும் நம்ப மறுக்கத்தான் செய்வார்கள். வீட்டு காலிங்பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வயர் நடுவில் பிய்ந்து உரசினாலும் உள்ளே மணி அடிக்கும். வாசலில் ஆள் இருக்க மாட்டார். அறுந்த இழையின் முனையில் சோடியம் போய்வரும் நுண்ணிய வாசல்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துவிடுகின்றன. யாரும் தொடாமலே அந்த முனை தானாகத் துடித்துச் செய்தி அனுப்புகிறது. மூளைக்கு அது மணிக்கட்டிலிருந்து வருவதாகத் தெரியாது. அந்த இழை விரலுக்குரியது என்பதால் விரலில்தான் வலி என்று முடிவு செய்கிறது.

இது முதல் கட்டம். இரண்டாவது கட்டம் தண்டுவடத்தில் நடக்கிறது, எனக்குக் கவலை தருவது இதுதான். இரவும் பகலும் பொய் மணி அடித்துக்கொண்டே இருந்தால், செய்தியை வாங்கும் தண்டுவட செல்கள் மிரண்டுபோகின்றன. வலியை அடக்கிவைக்க நம் உடலிலேயே இருக்கும் தடுப்புகள் பலவீனமாகின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முந்தானை உரசுவது தொடு உணர்வு இழை கொண்டுவரும் சாதாரணச் செய்திதான், மிரண்ட தண்டுவடம் அதையும் வலி என்று மொழிபெயர்க்கிறது. மணிக்கட்டில் நரம்பு ஆறிக்கொண்டே வந்தாலும் இந்த மிரட்சி தனியாக நின்றுவிடக்கூடும். தற்காலிக வலி நிரந்தர வலியாக மாறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். "வளர்ந்து முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று வலியைச் சகித்துக் காத்திருப்பது சரியல்ல என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். மருந்து சாப்பிட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது தவறு. வலியைக் குறைக்கும் இந்த மருந்துகள் இழை வளர்வதைத் தடுப்பதில்லை.

ஆயுளுக்கும் இருக்குமா?

அதை இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதைச் சொல்கிறேன். நரம்புக் காயத்தை 1943-ல் செடன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் மூன்றாகப் பிரித்தார். நசுங்கி மட்டும் இருந்தால் வாரங்களில் அல்லது சில மாதங்களில் முழுதாகத் திரும்பும். இழை அறுந்து உறை தப்பியிருந்தால் மெதுவாக, ஆனால் நன்றாகத் திரும்பும். உறையோடு வெட்டுப்பட்டால் தைத்தே ஆக வேண்டும், தைத்தாலும் எல்லா இழையும் தன் பழைய குழாயைக் கண்டுபிடிக்காது. உங்களுடையது மூன்றாவது வகை. அதனால் பழைய கை அப்படியே திரும்பும் என்று ஆசை காட்ட மாட்டேன். விரல் நுனியில் துணியின் நயத்தைப் பார்த்து ரகம் சொல்லும் அந்த நுட்பம் முழுதாக வராமல் போகலாம். குளிரில் விரல் கடுப்பது சில வருடம்கூட இருக்கலாம். ஆனால் வெட்டு சுத்தமானது, மறுநாளே தைத்தாகிவிட்டது, விரலுக்குத் தூரம் அதிகமில்லை, வளர்ச்சி நகர்கிறது. இவை உங்கள் பக்கம் இருக்கின்றன. இப்போது வரும் சுரீர் இழுப்புகளில் ஒரு பங்கு வளர்ச்சியோடு சேர்ந்தது. இழை நுனியைச் சேர்ந்து முதிரும்போது பலருக்கு அது தணிகிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவை ஆரம்பத்திலேயே கடுமையாக வந்த வலி, மாதக்கணக்கான தூக்கமின்மை, பயத்தில் கையை அசைக்காமல் வைத்திருப்பது. மூன்றில் பின்னிரண்டை மாற்ற முடியும்.

மருந்து விஷயம்

மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தினமும் சாப்பிடும் அந்த வலி மாத்திரையை, டைக்ளோஃபெனாக்கை, நிறுத்துங்கள். வீக்கத்தால் வரும் வலிக்குத்தான் அது. பொய் மணிக்கு அது பெரிதாகக் கேட்காது என்பதை நீங்களே மூன்று மாதமாகப் பார்த்துவிட்டீர்கள். தினமும் சாப்பிட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும் ஆபத்து உண்டு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூடவே சர்க்கரையும் பி12-ம். சர்க்கரை இருந்தால் நரம்பு ஆறுவது தாமதமாகும். பி12 குறைவாக இருந்தால் அந்த மாத்திரை தேவை. குறைவில்லாதவருக்கு அது வலி மருந்து ஆகாது.

பிரெகாபாலின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஐந்து நாளில் முடிவுகட்ட வேண்டாம். இரண்டு வேளை 75 என்பது பலர் தொடங்கும் அளவுதான், ஆனால் சிலருக்கு அது அதிகம். இரவு மட்டும் குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் தலைசுற்றல் பழகிவிடும். இன்னொரு வழி இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். இதை எழுதிக் கொடுத்தால், மருந்தோடு வரும் தாளில் மனச்சோர்வுக்கான மருந்து என்று படித்துவிட்டு "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்க" என்று அழுதபடி திரும்பி வந்தவர்கள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவைவிட மிகக் குறைந்த அளவு இது. தண்டுவடத்தில் பலவீனமான அந்தத் தடுப்புகளைப் பலப்படுத்தத்தான் கொடுக்கிறோம். தூக்கமும் வரும் என்பதால் உங்களுக்கு முதலில் இதைத்தான் நான் யோசிப்பேன். வாய் வறளும், மலச்சிக்கல் வரலாம். இதயக் கோளாறு இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டால் எந்த மருந்தானாலும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். ஏற்றிய மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்வோம். 2015-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின் கணக்குப்படி, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய, அமிட்ரிப்டிலின் வகையை ஏறத்தாழ நான்கு பேருக்கும், பிரெகாபாலினை ஏறத்தாழ எட்டுப் பேருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று கேட்காவிட்டால் அடுத்தது, அல்லது இரண்டையும் சிறிய அளவில் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் நான்கு முதல் ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள். வலி பூஜ்யமாவதை வெற்றி என்று வைக்காதீர்கள். நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினீர்களா, இட்லி மாவு கரைக்க முடிந்ததா, அதைப் பாருங்கள்.

கைக்குக் கொடுக்க வேண்டிய வேலை

யாரும் தொட்டுவிடாமல் கையைப் பொத்திப் பொத்தி வைப்பது தண்டுவடத்தின் மிரட்சியை வளர்க்கும். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத் தொடங்குங்கள். முறை எளிது: முதலில் பஞ்சு, அது பழகியதும் சில்க் துணி, பிறகு காட்டன், கடைசியில் டர்க்கி டவல். எரியும் இடத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. உங்கள் கம்பெனி கட்டிங் வேஸ்டிலேயே பத்து ரகத் துணி கிடைக்கும். அடுத்த கட்டமாக ஒரு பாத்திரம் அரிசியில் கையை விட்டு அளையுங்கள், பிறகு துவரம்பருப்பில். அதற்குள் ஒரு பட்டனைப் போட்டுவிட்டு, கண்ணை மூடித் தேடி எடுங்கள். முதலில் தெரியாது, கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே தொட்டு, மறுபடி மூடித் தொடுங்கள். எந்த இழை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மூளை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்குக் கண்ணாடியைப் பயன்படுத்திக் காட்டினார். நல்ல கையின் பிம்பத்தை வலிக்கும் கையின் இடத்தில் பார்த்தபடி அசைப்பது. நரம்பு அடிபட்டவர்களிலும் சிலருக்கு உதவுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும், முயன்று பார்க்கலாம்.

சூடு தெரியும் வரை அடுப்பிலும் அயர்ன் பாக்ஸிலும் இடது கைதான். "நரம்பை நீவி எடுத்துவிடுகிறேன்" என்பவரிடம் மணிக்கட்டைக் கொடுக்காதீர்கள்; தழும்பை மெதுவாக நீவுவது வேறு, அழுத்தி இழுப்பது வேறு.

மறுபடி ஆபரேஷன்?

மணிக்கட்டுத் தழும்பின் கீழே பட்டாணி அளவில் ஒரு முடிச்சு, அழுத்தினால் உயிர் போகிறது என்கிறீர்கள். வழி தவறிய இழைகள் அங்கேயே சுருண்டு முடிச்சாகியிருக்கலாம், வெறும் தழும்பாகவும் இருக்கலாம். கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் இந்த மாதமே காட்டுங்கள், ஸ்கேனில் பார்க்கலாம். ஆனால் கத்தி வைக்க அவசரப்பட வேண்டாம். முடிச்சை வெட்டினால் அதன் வழியாக விரல் வரை போய்ச் சேர்ந்த நல்ல இழைகளும் அறுபடும், கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும், வெட்டிய இடத்தில் இன்னொரு முடிச்சும் வரலாம். வளர்ச்சி நகராமல் நின்றுவிட்டாலோ, வலியெல்லாம் அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் என்று உறுதியானாலோ அப்போது பேசலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைமை ஒன்று உண்டு. கை முழுவதும் வீங்கி, பளபளவென்று சிவந்தோ நீலம் பாரித்தோ, மற்றக் கையைவிடச் சூடாகவோ ஜில்லென்றோ இருந்து, வியர்வை மாறி, விரல்கள் விறைத்துக்கொண்டு வந்தால் அதே வாரம் மருத்துவரைப் பாருங்கள். நரம்புக் காயத்தைத் தொடர்ந்து வரும் வேறொரு சிக்கலான வலிநோயாக அது இருக்கலாம். சீக்கிரம் பிடித்தால் கையைக் காப்பாற்றலாம்.

வேலையும் உரிமையும்

நீங்கள் கேட்காத ஒன்று. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்கிறீர்கள், விபத்து வேலை நேரத்தில் நடந்திருக்கிறது. வேலையிடத்துக் காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு, மருத்துவச் சான்றோடு, ஊதியத்தில் 90 சதவீதம் வரை ஈ.எஸ்.ஐ.யில் உதவித்தொகை உண்டு. கையில் நிரந்தரக் குறை தங்கினால் மருத்துவக் குழு மதிப்பிட்டுத் தனியாகத் தரும். கம்பெனி விபத்தைப் பதிவு செய்து ஈ.எஸ்.ஐ.க்குத் தெரிவித்திருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனைத் தாள், கொப்புளத்தின் போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். வேலைக்குத் திரும்பினால் ஓவர்லாக் வேண்டாம். அந்த அதிர்வு இந்தக் கைக்கு ஆகாது. செக்கிங்கோ மடிப்போ கொடுக்கும்படி மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்.

மாதாமாதம் முதல் தேதி, மணிக்கட்டு ரேகையிலிருந்து விரலை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே போய், கரண்ட் அடிக்கும் கடைசி இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ரேகையிலிருந்து புள்ளி வரை உங்கள் இன்ச் டேப்பால் அளந்து காலண்டரில் எழுதுங்கள். மூன்று மாதம் இப்படி எழுதிய எண்களோடு, இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள். இடது கையாலேயே எழுதினாலும் சரி, என்னால் நன்றாகப் படிக்க முடிகிறது.